மொழிப்பட்டியலில் 'தமிழ்' எப்படி வந்தது?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

பழைய மாணவர்களுக்கென்று ஓர் இணையதளம் தொடங்கும் பேச்சு நம் குழுவில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் ஒருவர் கேட்டிருந்தார்: "ஐயா, வேர்ட்பிரஸ் நிறுவும்போது முதல் திரையிலேயே எந்த மொழி என்று கேட்கிறது. பட்டியலில் 'தமிழ்' இருக்கிறது. இது அரசாங்கம் செய்ததா, அந்த நிறுவனம் செய்ததா?" இரண்டும் இல்லை. முகம் தெரியாத சிலர் சம்பளம் இல்லாமல் செய்தது. அவர்களில் பலர் தமிழ்நாட்டுக்காரர்களும் அல்லர். அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

முன்பெல்லாம் ஒரு தளம் என்றால் ஒவ்வொரு பக்கத்தையும் நிரல் தெரிந்த ஒருவர் கையால் கட்ட வேண்டும். எழுதுகிறவர் எழுதினால் போதும், பக்கத்தை மென்பொருளே கட்டிக்கொள்ளும் என்ற ஏற்பாட்டைத்தான் உள்ளடக்க மேலாண்மை அமைப்பு என்கிறோம். 2001-இல் பெல்ஜியத்துக்காரர் ஒருவரின் துருபல், 2003 மே மாதம் வேர்ட்பிரஸ், 2005-இல் ஜூம்லா என்று வரிசையாக வந்தன. ஜூம்லா என்பது சுவாகிலி மொழிச் சொல். 'எல்லோரும் சேர்ந்து' என்று பொருள். மூன்றுமே கட்டற்ற மென்பொருள்கள். காசு வேண்டாம் என்பது அதில் சின்ன விஷயம். உள்ளே இருப்பதைத் திறந்து பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்கலாம் என்பதுதான் பெரிது. இந்த உரிமை இல்லாவிட்டால், விற்பவர் 'தமிழுக்குச் சந்தை இல்லை' என்று சொன்னதோடு கதை முடிந்திருக்கும்.

ஆனால் மொழிபெயர்ப்புக்கு முன்னால் ஒரு பெரிய தடை இருந்தது. எழுத்தே சிக்கல்.

நம்ம ஊர் மணிமுத்தாற்றின் கதை உங்களுக்குத் தெரியும். சுந்தரர் இங்கே பெற்ற 12,000 பொன்னை ஆற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார். 'ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது' என்ற பேச்சு அதிலிருந்து வந்தது. 1990-களில் கணினியில் தமிழ் எழுதியவர்கள் எல்லோரும் ஆற்றில் போட்டவர்கள்தான். ஒவ்வொரு பத்திரிகைக்கும் தனி எழுத்துரு, ஒவ்வோர் எழுத்துருவுக்கும் தனிக் குறியீடு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் கிறுக்கல்.

இதை ஒழுங்குபடுத்த முதலில் முனைந்தவர்களில் ஒருவர் சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி. அவரும் ஆசிரியர்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. 'இணையம்' என்ற சொல் நம் வாயில் நிலைத்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1997-இல் சிங்கப்பூரில் தமிழிணைய மாநாடு கூடியது. பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்து 'திஸ்கி' என்ற குறியீட்டை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னை மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு 'தாம்', 'தாப்' என்று வேறு இரண்டைத் தரப்படுத்தியது. ஒன்று போதாதென்று மூன்று! இத்தனைக்கும் 1991-இலேயே யூனிகோடு முதல் பதிப்பில் தமிழுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். ஆனால் அதைத் திரையில் சரியாகக் காட்டும் வசதி விண்டோஸ் 2000-த்தில்தான் வந்தது. 'கொ' என்று அடித்தால் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் போய் நிற்க வேண்டுமே, அதைப் பழைய கணினிகள் செய்யவில்லை.

பழைய குறியீட்டில் இருப்பதை இன்று மீட்கலாம், அது எந்தக் குறியீடு என்று தெரிந்தால். சுந்தரர் ஆற்றில் போடுமுன் பொன்னில் ஒரு துண்டை மச்சமாக வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்ததை அதோடு உரைத்துப் பார்த்தார். நம்மில் எத்தனை பேர் மச்சம் வைத்துக்கொண்டோம்?

யூனிகோடு வந்த பிறகும் இன்னொரு குழி காத்திருந்தது. இந்தத் தளங்கள் எழுதியதையெல்லாம் மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளத்தில் போட்டு வைக்கும். அதைச் செய்தது ஒரு சுவீடன் நிறுவனம். ஆகவே அந்நாளில் யாரும் மாற்றாவிட்டால் எழுத்துகளை அது சுவீடிய மொழி அகரவரிசைப்படி அடுக்கியது. மேற்கு ஐரோப்பிய எழுத்துகளைத்தான் எதிர்பார்த்தது. தமிழைக் கொடுத்தால் கேள்விக்குறிகளாக மாற்றிச் சேமித்துவிட்டது. கேள்விக்குறியான பிறகு எந்தக் குளத்தில் தேடினாலும் வராது. 2007-இல் வேர்ட்பிரஸ் 2.2 வந்தபோதுதான், எழுத்துவகை இதுதான் என்று நிறுவும்போதே சொல்லிவிட ஒரு வரி சேர்த்தார்கள். அந்த ஒரு வரி நமக்குச் செய்த நன்மை கொஞ்சமல்ல.

இனி மொழிபெயர்ப்புக்கு வருவோம். நிரலுக்குள் கைவைக்காமல், திரையில் தெரியும் சொற்களை மட்டும் ஒரு தனிக் கோப்பில் இழுத்து வைப்பார்கள். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் காலி. காலியிடத்தை நிரப்பினால் தமிழ். ஆயிரக்கணக்கான வரிகள் இருக்கும்.

இப்படி உட்கார்ந்து நிரப்பியவர்களில் ஒருவரைச் சொல்கிறேன். இ. மயூரநாதன், யாழ்ப்பாணத்தவர், ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டடக் கலைஞராக வேலை பார்த்தவர். 2003 இறுதியில் தமிழ் விக்கிப்பீடியா ஏறக்குறைய வெற்றுத் தளமாகக் கிடந்தபோது, அதன் இடைமுகச் சொற்களைத் தமிழாக்கிவிட்டுக் கட்டுரை எழுத உட்கார்ந்தார். பின்னாளில் கனடாவின் இயல் விருது பெற்றார். அங்கே 'எடிட்' என்பதற்குத் 'தொகு' என்று வைத்தார்கள். எல்லோரும் கூடிப் பேசும் பக்கத்துக்கு ஆங்கிலத்தில் 'கிராமத்துக் குழாயடி' என்று பொருள்படும் பெயர். குழாயடி என்றால் நமக்குச் சண்டைதான் நினைவுக்கு வரும்! தமிழில் 'ஆலமரத்தடி' என்று வைத்தார்கள். மொழிபெயர்ப்பு என்றால் இதைத்தான் நான் சொல்வேன்.

அதே மீடியாவிக்கி மென்பொருளில்தான் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சேர்க்கும் 2005-இல் தொடங்கிய நூலகம் தளம் நடக்கிறது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்த இழப்பைக் கண்ட சமூகம், யாரிடமும் அனுமதி கேட்காமல், விலை கொடுக்காமல் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு மென்பொருளில் மறுபடி அடுக்கத் தொடங்கியது.

தமிழாசிரியன் என்ற முறையில் என்னை மிகவும் கவர்ந்தது இலக்கணச் சிக்கல்தான். 'இன்ன ஊரில் நிகழ்ச்சிகள்' என்று ஒரு வரி. ஊர்ப்பெயர் வரும் இடத்தில் வெறும் குறி. பெயரைப் பிறகு கணினி செருகும். ஆங்கிலத்தில் முன்னால் ஓர் இடைச்சொல், பின்னால் பெயர், வேலை முடிந்தது. தமிழில் 'இல்' என்ற உருபைப் பின்னால் ஒட்டினால்? கடலூர், கடலூரில் ஆகும், சரி. நெய்வேலிக்கு இடையில் யகர உடம்படுமெய் வேண்டும்: நெய்வேலியில். விருத்தாசலத்துக்கோ மகரம் கெட்டு அத்துச் சாரியை வர வேண்டும். கணினிக்கு நன்னூல் தெரியாது. 'விருத்தாசலம்இல்' என்று காட்டும். அதனால் மொழிபெயர்ப்பாளர்கள் வாக்கியத்தையே உடைத்து 'இடம்: விருத்தாசலம்' என்று எழுதித் தப்பிக்கிறார்கள். நம் பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மைக்கு அச்சு எடுப்பவரைக் கேளுங்கள். மண் காய்ந்து சுட்டால் சுருங்கும் என்று கணக்குப் பார்த்து அச்சைப் பெரிதாகவே செய்வார். இந்த மென்பொருள் அச்சுகள் ஆங்கில மண்ணுக்கு அளவெடுத்தவை. 'சேவ்' என்ற குட்டிச் சொல்லுக்குச் செய்த பொத்தானில் 'மாற்றங்களைச் சேமிக்கவும்' பிதுங்கி நிற்கிறது.

ஒருமை பன்மையும் அப்படியே. கோப்பு தமிழுக்கு இரண்டு வடிவம் கேட்கிறது, அரபிக்கு ஆறு, ஜப்பானியத்துக்கு ஒன்று. '5 கருத்து' என்றாலும் தமிழில் குற்றமில்லை, பால்பகா அஃறிணைப் பெயர்தானே. (கருத்துகளா, கருத்துக்களா என்று யாரும் இங்கே தொடங்க வேண்டாம். அதற்குத் தனிப் பதிவு போடுகிறேன்.)

வேர்ட்பிரஸ் மொழிப்பட்டியலில் தமிழ் ஒன்றல்ல, இரண்டு: இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ். அவர்கள் 'கணனி' என்பார்கள், நாம் 'கணினி' என்போம். மற்றபடி இருக்கும் வேறுபாட்டுக்கு இரண்டு கோப்பு தேவையா என்பது என் சந்தேகம். ஏற்கெனவே கை குறைவு. ஒரே வரியை இரண்டு இடத்தில் இரண்டு பேர் மொழிபெயர்ப்பது வீண் என்றே நினைக்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லலாம்.

நம் தளத்தை நிறுவப்போகிறவருக்கு ஒரு செய்தி. பக்க முகவரியைத் தமிழில் விட்டுவிடாதே தம்பி. ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட்டு. முகவரியில் அது 9 குறிகளாக விரியும். நம் ஊர்ப்பெயரில் 12 குறியீடுகள், ஆக 108 குறிகள். வேர்ட்பிரஸ் ஒரு பக்கத்தின் பெயருக்குக் கொடுப்பதோ 200 குறிகள்தான். ஊர்ப்பெயரை இரண்டு முறை எழுத இடமில்லை. தலைப்பு தமிழில் இருக்கட்டும், முகவரிக்கு மட்டும் ஆங்கில எழுத்தில் சின்னப் பெயர் வைத்துவிடு.

தளத்துக்கு 'முதுகுன்றம்' என்று பெயர் வைக்கலாமா என்று ஒரு மாணவி கேட்டிருக்கிறாள். தேவாரத்தில் நம் ஊர் திருமுதுகுன்றம்தான். முது என்பதை 'விருத்த' என்றும், குன்றை 'அசலம்' என்றும் யாரோ ஒரு காலத்தில் மொழிபெயர்த்ததுதான் இன்றைய பெயர். மொழிபெயர்ப்பு நிலைத்துவிட்டது, மூலப்பெயர் கோயிலோடு நின்றுவிட்டது. எனக்குச் சம்மதம். குழுவில் வாக்கெடுப்பு வையுங்கள்.