ரங்கூன் அரிசியும் இனிப்புநீரும்

"சோற்றைக் குறையுங்கள்" என்று டாக்டர் சொன்னால் ஈப்போவில் பல பெரியவர்களுக்குக் கோபம் வந்துவிடும். "எங்க தாத்தா தோட்டத்துல மூணு வேளையும் சோறுதான் சாப்பிட்டாரு. அவருக்கு இனிப்புநீர் வந்துச்சா?" என்று திருப்பிக் கேட்பார்கள். இந்தக் கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. மீதியைத் தெரிந்துகொள்ள நூறு ஆண்டுகளுக்குப் பின்னால் போக வேண்டும்.

அப்போது பேராக்கில் ரப்பர் தோட்டங்களில் தமிழர்கள், கிந்தாவின் ஈயச் சுரங்கங்களில் சீனர்கள். இருவருக்கும் ஒரே மழை, ஒரே கொசு, ஒரே உழைப்பு. ஆனால் பெரிபெரி என்ற நோய் மட்டும் ஆள் பார்த்து வந்தது. கால் வீங்கும், நரம்பு தளரும், கடைசியில் இதயம் நின்றுவிடும். சுரங்கத் தொழிலாளிகள் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். தோட்டத்துத் தமிழர்களை அது அவ்வளவாக அண்டவில்லை. ஏன்?

நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் 1907-ல் ஒரு புத்தகம் எழுதினார். சீனர்கள் தின்றது தீட்டிய பச்சரிசி, தமிழர்கள் தின்றது ரங்கூனிலிருந்து வந்த புழுங்கல் அரிசி என்பதை அவர் கவனித்தார். பச்சரிசியில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்று முடிவு கட்டினார். முடிவு தவறு, கவனித்தது சரி. அதே காலத்தில் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பிரேசரும் ஸ்டான்டனும் சாலை போடும் சுமார் 300 ஜாவானியத் தொழிலாளிகளை இரண்டாகப் பிரித்து இரண்டு அரிசியையும் கொடுத்துப் பார்த்தார்கள். பச்சரிசி தின்றவர்களுக்கு நோய் வந்தது. அரிசியை மாற்றிக் கொடுத்தார்கள், நோயும் இடம் மாறியது! நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அந்தச் சத்துதான் வைட்டமின் பி1.

மருந்து என்று நினைத்தா தாத்தா அதைத் தின்றார்? இல்லை. ஊரில் பழகிய வாய், அவ்வளவுதான். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று பேசவும் கூடாது. மலேரியாவும் கொக்கிப்புழுவும் எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோயின. ஆனால் விடியும் முன்னே பெரட்டுக்குப் போய், நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவி, தோளில் காண்டாக் கம்போடு பால் வாளியைச் சுமந்தவர் அவர். தின்ற சோறு வேர்வையாகப் போய்விட்டது.

1941 கடைசியில் ஜப்பானியர் வந்தார்கள். பர்மா, சயாம் அரிசி வருவது அருகிப்போய் மரவள்ளிக்கிழங்கே சாப்பாடு என்றானது. அந்தப் பஞ்சத்தைக் கண்ட பாட்டிக்குப் பேரன் தட்டில் சோற்றைக் குறைப்பது பாவமாகத் தெரிந்ததில் வியப்பு என்ன?

பிறகு ரப்பர் போய் செம்பனை வந்தது, பல தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாயின. மக்கள் ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் வந்து சேர்ந்தார்கள். காவல் வேலை, லாரி, தொழிற்சாலை என்று உட்கார்ந்தும் நின்றும் செய்யும் வேலை. உடம்பு அசைவது குறைந்தது, தட்டு மட்டும் பழைய அளவிலேயே நின்றது. புழுங்கல் அரிசி இருந்த இடத்தில் பல வீடுகளில் வெள்ளை அரிசி. டின் பால் ஊற்றிய தேத்தண்ணீர் ஒரு நாளைக்கு நாலு தடவை. அரசாங்கம் சீனிக்குக் கொடுத்துவந்த உதவித்தொகையை நிறுத்தியதே 2013 அக்டோபரில்தான்.

2019 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் மட்டும் 31.4. பத்தில் மூன்று பேர்! மலேசியாவில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குவோரில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் காரணம் இந்த நோய்தான்.

அப்படியானால் எதைச் சாப்பிடுவது? புழுங்கல் அரிசிக்குத் திரும்புவது நல்லதுதான், வெள்ளை அரிசியைவிட அது இரத்தத்தில் சர்க்கரையை மெதுவாக ஏற்றும். ஆனால் மலைபோல் குவித்தால் எந்த அரிசியும் ஒன்றுதான். சுகாதார அமைச்சு சொல்லும் கணக்கு எளிது: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது கோழி, பாதி காய்கறியும் பழமும். தோசையும் இட்லியும் அரிசிதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சோற்றை விட்டேன் என்று ஐந்து சப்பாத்தி தின்பவரும் உண்டு. கருவாடு, ஊறுகாயின் உப்பு சிறுநீரகத்துக்கு ஆகாது. இன்னொன்று முக்கியம்: மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சர்க்கரை குறையட்டும் என்று பட்டினி கிடந்தால் மயங்கி விழக்கூடும். நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், அளவை டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, தேத்தண்ணீர்? டின் பால் இல்லாமல், சீனி இல்லாமல் வெறும் தேத்தண்ணீர் குடிக்கலாம். முதல் வாரம் கசக்கும்.