பேசி நின்றுபோன மாற்றங்கள்: சிலாங்கூர் காற்பந்தின் நடக்காத வரலாறு

2011 டிசம்பர் 8 அன்று அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில் மூன்று அணிகள் பேசி முடித்த ஆட்டக்காரர் மாற்றம் ஒன்று சில மணி நேரத்தில் ரத்தானது. நியூ ஓர்லியன்ஸ் ஹார்னெட்ஸ் அணியின் கிறிஸ் பால் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணிக்குப் போக வேண்டும். லேக்கர்ஸின் பாவ் கசோல் ஹூஸ்டனுக்குப் போக வேண்டும். லமார் ஓடம், லூயிஸ் ஸ்கோலா, கெவின் மார்ட்டின் முதலியோர் நியூ ஓர்லியன்ஸுக்கு வர வேண்டும். அப்போது ஹார்னெட்ஸுக்குத் தனி உரிமையாளர் இல்லை. அணியை என்பிஏ லீக்கே வாங்கி நடத்திவந்தது. அதன் தலைவர் டேவிட் ஸ்டெர்ன் இந்த மாற்றத்துக்கு ஒப்புதல் தர மறுத்தார். ஒரு வாரத்துக்குள் பால் அதே நகரத்தின் இன்னோர் அணியான கிளிப்பர்ஸுக்குப் போய்ச் சேர்ந்தார்.

அந்த மறுப்பின் பின்விளைவுகளை ஓரளவு தொடர்ந்து பார்க்க முடிகிறது. அனுபவசாலிகள் கிடைக்காத ஹார்னெட்ஸ் அந்தப் பருவத்தில் 21 ஆட்டங்களில் வென்று 45இல் தோற்றது. புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் வரிசைக்காகத் தோற்ற அணிகளிடையே நடக்கும் குலுக்கலில் அதற்கு முதலிடம் விழுந்தது; ஆண்டனி டேவிஸ் கிடைத்தார். அதே டேவிஸ் 2019இல் லேக்கர்ஸுக்கு மாறி 2020இல் பட்டம் வென்றார். ஆனால் நடுவில் ஒரு குலுக்கல் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. மறுப்பால் அணி பலவீனமானது என்பது வரை காரணகாரியம். குலுக்கலில் முதலிடம் விழுந்தது தற்செயல். நடக்காத ஒன்றை ஆராய்பவர் முதல் படியை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். அதற்கப்பால் போகப்போக அது ஆய்வாக இராது, ஆசையாகிவிடும். இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டே நம் பக்கத்து வரலாற்றைப் பார்க்க விரும்புகிறேன்.

மலேசியாவின் வட சிலாங்கூரில் சுங்கை செம்பிலாங், ஜெராம், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு விளையாட்டு என்றால் காற்பந்துதான். மாலையில் தோட்டத்துத் திடல், மலேசியக் கிண்ணப் பருவத்தில் வானொலி. அந்தக் கிண்ணம் 1921இல் மலாயாக் கிண்ணமாகத் தொடங்கியது. முதல் ஆண்டு சிங்கப்பூர் வென்றது. மறு ஆண்டு சிலாங்கூர். இதுவரை 33 முறை அதை வென்றிருக்கும் சிலாங்கூருக்கு நெடுங்காலம் பெரும் போட்டியாளர் சிங்கப்பூரே.

இந்த அமைப்பில் அமெரிக்கப் பாணி மாற்றம் நடக்க வழியே இல்லை. ஆடியவை மாநில அணிகள். ஆட்டக்காரர் பெரும்பாலும் காவல்துறையிலோ, இராணுவத்திலோ, வங்கியிலோ, அரசு நிறுவனத்திலோ சம்பளம் வாங்கிக்கொண்டு மாநிலத்துக்காக ஆடினார். அவரை யாரும் விற்கவில்லை, வாங்கவுமில்லை. அவரைத் தக்கவைத்தது வேலை. அவர் இடம் மாறினால் அதற்கும் பெரும்பாலும் வேலையே காரணம். ஆகவே நம்மிடம் நின்றுபோன மாற்றங்களைத் தேடுபவர், பேரம் எங்கே முறிந்தது என்று கேட்பதைவிட, வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்று கேட்பதே சரி.

1980இல் அந்த அதிகாரம் அரசிடம் இருந்தது. அந்த ஏப்ரலில் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில் மலேசியா தென்கொரியாவை 2-1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. சிலாங்கூரின் கோல் கீப்பர் ஆர். ஆறுமுகமும் தற்காப்பு ஆட்டக்காரர் சந்தோக் சிங்கும் அந்தத் தலைமுறையின் தூண்கள். நீண்ட கைகளுக்காக ஆறுமுகத்தை ‘ஸ்பைடர்மேன்’ என்றே அழைத்தார்கள். சோவியத் படை ஆப்கானிஸ்தானில் நுழைந்ததைக் கண்டித்து மலேசியா ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. மலேசியாவின் இடத்தில் ஈராக் ஆடியது. கோஸ்டாரிக்காவை 3-0 என வென்றது, பின்லாந்துடனும் யுகோஸ்லாவியாவுடனும் சமன் செய்தது, காலிறுதியில் கிழக்கு ஜெர்மனியிடம் தோற்றது. மலேசியாவும் அவ்வளவு தூரம் போயிருக்கும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: ஆறுமுகம் ஐரோப்பிய அணிகளுக்கு எதிராக ஓர் உலக மேடையில் நின்றிருப்பார், அவரைப் பார்க்க வேண்டியவர்கள் பார்த்திருப்பார்கள். 1988இல் சாலை விபத்தில் அவர் இறந்தபோது வயது 35. அந்த வாய்ப்பு மறுபடி வரவேயில்லை. 2016இல் வந்த ‘ஓலா போலா’ திரைப்படம் அந்தத் தலைமுறையை மீண்டும் பேசவைத்தது. அதில் கோல் கீப்பராக ஒரு தமிழ் இளைஞன் வருவதைப் பார்த்து நம் வீடுகளில் கண் கலங்காதவர் குறைவு.

நின்றுபோன மாற்றங்களில் நன்றாகப் பதிவாகியிருக்கும் நிகழ்வு சிங்கப்பூரின் ஃபாண்டி அகமதுவுடையது. 1980 மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் சிலாங்கூருக்கு எதிராக வெற்றிக் கோலை அடித்தபோது அவருக்கு வயது 17. 1982இல் ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ் கிளப்பில் பயிற்சி பெற்றார். மூன்றாண்டு ஒப்பந்தம் தருவதாகச் சொன்னார்கள். வீட்டு ஏக்கம் தாங்காமல் மறுத்துவிட்டு, இந்தோனேசியாவின் நியாக் மித்ரா அணியில் சேர்ந்தார். இங்கே வேண்டாம் என்றவர் ஆட்டக்காரரே. இதை ‘கைநழுவிய பெரும் வாய்ப்பு’ என்று வருத்தத்தோடு சொல்வது வழக்கம். எனக்கு அது சரியாகப் படவில்லை.

அன்றைய அயாக்ஸைப் பாருங்கள். யோஹன் க்ரைஃப் இன்னும் ஆடிக்கொண்டிருந்தார். 1982இல் ஐரோப்பாவிலேயே அதிக கோல் அடித்ததற்கான தங்கக் காலணியை வாங்கிய விம் கீஃப்ட் முன்வரிசையில் இருந்தார். அவருக்குப் பின்னால் 17 வயது மார்கோ வான் பாஸ்டன் காத்திருந்தார். 20 வயது ஃபாண்டிக்கு அங்கே ஆட்ட நேரம் கிடைத்திருக்க வழி குறைவு. நடந்தது என்ன? இந்தோனேசியச் சங்கம் வெளிநாட்டு ஆட்டக்காரர்களைத் தடை செய்ததும் அவர் 1983இல் நெதர்லாந்தின் க்ரோனிங்கன் கிளப்பில் சேர்ந்தார். சிறிய கிளப், அவர் தேவைப்பட்ட கிளப். அதே அக்டோபரில் யூஈஎஃப்ஏ கிண்ணத்தில் இத்தாலியின் இண்டர் மிலானை க்ரோனிங்கன் 2-0 என வென்றபோது ஒரு கோல் அவருடையது. அயாக்ஸில் கையெழுத்திட்டிருந்தால் அந்தக் கோல் இல்லை. முதல் படியிலேயே கணக்கு மாறிவிடுகிறது.

சிலாங்கூரின் மொக்தார் டஹாரியைப் பற்றி இப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. 1975இல் மெர்டேக்கா அரங்கத்தில் அர்செனலை சிலாங்கூர் 2-0 என வென்ற ஆட்டத்தில் இரண்டு கோலும் அவருடையவை. ஐரோப்பியக் கிளப்புகள் அவரைக் கேட்டன என்ற பேச்சு இன்றும் உலவுகிறது. கிளப்பின் பெயர் சொல்பவருக்குச் சொல்பவர் மாறுகிறது. ஆகவே அதை இந்த ஆய்வில் பேச்சாகவே வைக்கிறேன்.

1989இல் மலேசிய லீக் பகுதித் தொழில்முறை ஆனது; வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் வந்தார்கள். 1994இல் முழுத் தொழில்முறை. அதற்கெல்லாம் முன்பே 1988இல் சிங்கப்பூர்த் தமிழரான வி. சுந்தரமூர்த்தி சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப்புக்குப் போய் வந்திருந்தார். பின்னர் கெடாவில் புகழ் பெற்றார். ஆட்டக்காரருக்கு ஒப்பந்தமும் விலையும் வந்த அதே ஆண்டுகளில் வட சிலாங்கூரின் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டுக்கொண்டிருந்தன. லயத்து மக்கள் நகரோர வீடுகளுக்குப் பெயர்ந்தார்கள். திடல்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போயின. ஆட்டக்காரரைத் தேடி ஆள் வரக்கூடிய காலம் பிறந்தபோது, தேடி வர வேண்டிய திடல் இல்லை.

எனவே தோட்டத்துப் பையன்கள் விஷயத்தில் மறுத்தவர் யார் என்ற கேள்விக்கே இடமில்லை, அவர்களை யாரும் கேட்கவேயில்லை. கிறிஸ் பாலின் மறுப்பை நாள் குறித்து ஆராய முடிகிறது. இங்கே முதலில் செய்ய வேண்டிய வேலை வேறு: தோட்டங்களுக்கிடையிலான போட்டிகளில் யார் யார் ஆடினார்கள், அவர்களில் மாவட்ட அணிக்கும் மாநிலத் தேர்வுக்கும் போனவர் யார், எந்த வேலை கிடைக்காமல் திரும்பி வந்தார்கள் என்ற பட்டியலைத் தயாரிப்பது. ‘தமிழ் நேசன்’ போன்ற நாளிதழ்களின் பழைய விளையாட்டுப் பக்கங்கள், தமிழ்ப்பள்ளிகளில் தொங்கும் அணிப் படங்கள், அந்த அணிகளில் ஆடி இன்று எழுபதைக் கடந்தவர்களின் நினைவு ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று சரிபார்த்தே அது எழுதப்பட வேண்டும். மூன்றாவதிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதற்கு நேரம் குறைவு.