வண்டலூரில் பிறந்த ஹெரால்டு

பம்பாய்க்கு ஃபியட், கல்கத்தாவுக்கு அம்பாசடர் என்றால், மெட்ராஸுக்கு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்டுதான். 1961 முதல் நம் வண்டலூரில் தயாரானது. 948 சி.சி. எஞ்சின். பானெட் மொத்தமும் முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும். டயர் மேல் உட்கார்ந்தே ரிப்பேர் பார்க்கலாம்.

பின்பக்கம்தான் தலைவலி. ஃபியட்டிலும் அம்பாசடரிலும் பின்சக்கரம் இரண்டுக்கும் ஒரே ஆக்ஸில். ஹெரால்டில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி ஷாஃப்ட், அதன் உள்முனையில் ஒரு யூனிவர்சல் ஜாயின்ட். வண்டி நிறைய ஓடி ஜாயின்ட் தேய்ந்துவிட்டால், கிளட்சை விடும்போதெல்லாம் 'டொக்' என்று சத்தம் வரும்.

அப்பாவின் வண்டியில் அந்தச் சத்தம் வந்தபோது, ஒரு மெக்கானிக் கியர்பாக்ஸ் கோளாறு என்று சொல்லி அதையே இறக்கி ஏற்றினார். அப்பாவின் ஒரு மாதச் சம்பளம் போயிற்று, சத்தம் போகவில்லை. பிறகு மயிலாப்பூரில் ஒரு பெரியவர் வண்டிக்கு அடியில் படுத்து, ஷாஃப்டைக் கையால் ஆட்டிப் பார்த்து, ஐந்தே நிமிஷத்தில் கண்டுபிடித்தார். புதுப்பேட்டையில் வாங்கிய ஒரு கிராஸோடு வேலை முடிந்தது.

1972-ல் வந்த கஸலில் கம்பெனியே தனி ஷாஃப்டுகளை எடுத்துவிட்டு, நம் மெக்கானிக்குகளுக்குப் பழகிய ஒற்றை ஆக்ஸிலைப் போட்டது. இங்கிலாந்து ஹெரால்டுக்குக் கடைசிவரை வராத மாற்றம் அது. ஊருக்கு ஏற்ற யோசனை. ஆனாலும் 1988-ல் கம்பெனியின் கார் உற்பத்தியே நின்றுபோனது.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சத்தம் கேட்டால், கியர்பாக்ஸை இறக்குமுன் ஒருமுறை அடியில் படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.