கான்பூருக்கு வந்த கணிப்பொறி



மும்பை மாதுங்காவாயினும், டெல்லிக் கரோல்பாகாயினும், பெங்களூர் அல்சூராயினும், தமிழ்க் குடும்பங்கள் வாழும் தெருக்களில் மேனிலைப் பள்ளியை முடித்த பிள்ளையைப் பார்த்து, ‘மேலே என்ன படிக்கப் போகிறாய்?’ என்று கேட்டுப் பாருங்கள். கணிப்பொறியியல் அல்லது தகவல் தொழில்நுட்பம் என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். இப்படிப்பு பெங்களூரில் எழுந்த கண்ணாடி மாளிகைகளோடு பிறந்தது என்று எண்ணுவோர் பலர். உண்மை அதுவன்று. இந்நாட்டு மாணாக்கர் கல்லூரியில் கணிப்பொறி பயிலத் தொடங்கியது 1963-ஆம் ஆண்டில், கங்கைக் கரை நகரமாகிய கான்பூரில். அதற்கென்று ஓர் இளநிலைப் பட்டம் ஏற்பட்டதோ பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1978-ஆம் ஆண்டில்தான். இடைப்பட்ட காலத்தில், பட்டம் ஏதுமின்றியே இக்கல்வி வேரூன்றிய வரலாற்றைத்தான் இன்று சொல்ல விழைகிறேன்.

கான்பூருக்கு முன்னரே இந்தியாவில் கணிப்பொறி இருந்தது. கல்கத்தாவில் மகலனோபிஸ் அவர்கள் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்திற்கு 1955-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து ஒரு பொறி வந்து சேர்ந்தது. எச்.இ.சி. 2எம் என்பது அதன் பெயர். பம்பாயில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் தாமே முயன்று ஒரு பொறியை அமைத்து, 1960-ஆம் ஆண்டில் இயக்கினர். டிஃப்ராக் என்று பிற்காலத்தில் பெயர் சூட்டப்பெற்ற அப்பொறியை ஆக்கிய குழுவின் தலைவர் ஆர். நரசிம்மன், சென்னைக் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்றவர். இரண்டும் அரிய முயற்சிகள். ஆயின் இரண்டும் ஆராய்ச்சி நிலையங்கள். அங்கே பணிபுரிந்தோர் கைப்பழக்கத்தால் கற்றுக்கொண்டனர். பதினெட்டு வயதுக் கல்லூரி மாணவன் அவ்வறைகளுக்குள் நுழைந்து பொறியைத் தொட்டுப் பார்க்க வழியில்லை.

கான்பூரில் நிகழ்ந்தது வேறு. இந்தியத் தொழில்நுட்பக் கழகம் அந்நகரில் 1959-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அதன் முதல் இயக்குநர் பி. கே. கேல்கர். 1962-ஆம் ஆண்டு முதல் பத்தாண்டுக் காலம், அமெரிக்க நாட்டின் ஒன்பது பல்கலைக்கழகங்கள் கூடி அக்கழகத்திற்குத் துணை நின்றன. அத்துணையின் பயனாக 1963-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஐ.பி.எம். 1620 என்ற கணிப்பொறி அங்கே நிறுவப்பட்டது. அதனோடு வந்த அறிஞருள் ஒருவர் ஹாரி ஹஸ்கி. உலகின் முதல் மின்னணுக் கணிப்பொறிகளுள் ஒன்றாகிய எனியாக்கிலும், பின்னர் இங்கிலாந்தில் ஆலன் டூரிங்கின் குழுவிலும் பணியாற்றியவர் அவர். அத்தகையவர் கான்பூர் வெயிலில் வந்து, ஃபோர்ட்ரான் என்ற மொழியில் பொறிக்குக் கட்டளை எழுதும் முறையை நம் இளைஞருக்குக் கற்பித்தார்.

அந்தப் பொறியைப் பற்றிச் சிறிது விரித்துச் சொல்ல வேண்டும். இன்றைய மாணாக்கருக்கு அது வேடிக்கையாகத் தோன்றும். அதன் நினைவகம் கொள்வது இருபதாயிரம் முதல் அறுபதாயிரம் இலக்கங்கள் வரையே. அதனினும் வியப்பு, அதற்குக் கூட்டல் தெரியாது! கூட்டுவதற்கும் பெருக்குவதற்கும் தனியே மின்சுற்றுகளை அமைத்தால் செலவு மிகும் என்று கருதி, அதனை ஆக்கியோர் வாய்ப்பாட்டையே அதன் நினைவில் ஏற்றிவிட்டனர். 100 முதல் 299 வரையிலான இடங்களில் பெருக்கல் வாய்ப்பாடு. 300 முதல் 399 வரை கூட்டல் வாய்ப்பாடு. ஏழையும் எட்டையும் கூட்டச் சொன்னால், பொறி வாய்ப்பாட்டைப் புரட்டிப் பதினைந்து என்று கண்டுபிடித்துச் சொல்லும். நம் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை மனப்பாடம் செய்த சிறுவன் வேறு, இப்பொறி வேறு என்று சொல்வதற்கில்லை. இவ்வமைப்பில் ஓர் ஆபத்தும் இருந்தது. மாணவன் எழுதிய கட்டளைத் தொடரில் பிழை நேர்ந்து, அது தவறிப்போய் வாய்ப்பாடு இருக்கும் இடத்தில் எதையேனும் எழுதிவிட்டால், பொறி இரண்டும் இரண்டும் நான்கு என்பதையே மறந்துவிடும். வாய்ப்பாட்டை மீண்டும் ஏற்றினாலன்றி அதன் கணக்கு தேறாது.

இத்தகைய பொறியை மாணாக்கர் கையில் கொடுக்கலாமா என்பதே அன்றைய கேள்வி. விலை மதிப்புள்ள பொறி. அந்நிய நாட்டிலிருந்து வந்தது. குளிரூட்டிய அறையில் வைத்துக் காக்கப்படுவது. ஆராய்ச்சியாளருக்கு மட்டும் ஒதுக்கிப் பூட்டி வைத்திருந்தால் எவரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். கான்பூரார் அவ்வாறு செய்யவில்லை. கட்டடப் பொறியியல் பயில்பவனாயினும் வேதிப் பொறியியல் பயில்பவனாயினும், இளநிலை மாணவன் நிரல் எழுதக் கற்க வேண்டும் என்று பாடத்திட்டத்தில் சேர்த்தனர். அதனோடு நில்லாது, பிற கல்லூரி ஆசிரியர்களையும் ஆலைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் பணிபுரிவோரையும் வரவழைத்துப் பத்து நாள் தீவிர வகுப்புகளையும் பன்முறை நடத்தினர். இந்தியக் கணிப்பொறிக் கல்விக்கு வித்து எது என்று என்னைக் கேட்டால், அந்தப் பொறி என்று சொல்லமாட்டேன். அந்த அறையின் கதவைத் திறந்து வைத்தார்களே, அந்த முடிவையே சொல்வேன்.

இனி, அக்கதவைத் திறந்தோருள் முன்னின்ற ஒருவரைப் பற்றிக் கூறுவேன். வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு அவர் வரலாறு தனியே நெருக்கமானது. வைத்தீசுவரன் இராஜாராமன் 1933-ஆம் ஆண்டில் ஈரோட்டில் பிறந்தவர். எனினும் பள்ளிக் கல்வி பெற்றது டெல்லியில். அங்கே குடியேறிய தென்னிந்தியக் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக மதராஸிக் கல்விச் சங்கம் நடத்திவந்த பள்ளியில் பயின்று, 1949-ஆம் ஆண்டில் வெளிவந்தார். அச்சங்கமே பின்னாளில் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகம் என்று பெயர் மாறியது. புனித ஸ்டீபன் கல்லூரியில் 1952-ஆம் ஆண்டில் இயற்பியலில் சிறப்புப் பட்டம் பெற்று, பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தில் மின்தொடர்பியல் கற்று, அமெரிக்காவில் எம்.ஐ.டி.யிலும் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலும் பயின்று, 1961-ஆம் ஆண்டில் முனைவர் ஆனார். அங்கேயே ஆசிரியப் பணியும் கிட்டியிருந்தது. அதனை விட்டுத் தாயகம் திரும்பிக் கான்பூரில் மின்பொறியியல் ஆசிரியராக அமர்ந்தார். ஊர்விட்டு ஊர் போய்ப் படிப்பதும் பணிபுரிவதும் அவருக்குப் புதிதன்று. ஈரோடு, டெல்லி, பெங்களூர், கான்பூர் என்ற வழியில் நம்முள் பலருடைய குடும்ப வரலாறும் அடங்கிவிடுமன்றோ?

அக்காலத்தில் கணிப்பொறி பயில்வது எவ்வாறு நடந்தது? மாணவன் முதலில் தாளில் நிரலை எழுதுவான். பின் துளையிடும் பொறியின் முன் அமர்ந்து, ஒரு வரிக்கு ஓர் அட்டை என்ற கணக்கில் துளையிடுவான். ஓர் அட்டையில் எண்பது பத்திகள். கட்டளை ஏழாம் பத்தி முதல் எழுபத்திரண்டாம் பத்திக்குள் அமைய வேண்டும். ஓர் இடம் தள்ளி அடித்தாலும் பொறி ஏற்காது. அட்டைக் கட்டைக் கட்டி ஒப்படைத்துவிட்டு, விடை அச்சாகி வரும்வரை காத்திருப்பான். பெரும்பாலும் விடை வராது; பிழைப்பட்டியலே வரும்!

இதைச் சொல்லும் யானும் துளையட்டைக் காலத்தவன். வடநாட்டுக் கல்லூரி ஒன்றில், ஒரேயொரு காற்புள்ளி விடுபட்டமையால் இரண்டு நாள் இழந்ததுண்டு. மாடிப்படியில் அட்டைக்கட்டு கைநழுவிச் சிதறிய அன்று பட்ட பாடு இன்றும் மறக்கவில்லை. கடைசி எட்டுப் பத்திகளில் வரிசை எண் இடவேண்டும் என்று ஆசிரியர் முன்பே எச்சரித்திருந்தார், நான்தான் சோம்பியிருந்தேன். ஆனால் அந்தக் காத்திருப்பே ஒரு பழக்கத்தைத் தந்தது. அட்டையைக் கொடுக்குமுன் ஒவ்வொரு வரியையும் மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்போம். கணத்தில் விடை காணும் இன்றைய பிள்ளைகளைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறேன் என்று எண்ணவேண்டா. அக்காலத்து அவதி மீண்டும் வரவேண்டும் என்று எவரும் விரும்பார்.

கற்பிப்போருக்கு இருந்த இடர் வேறு வகையானது. பாடநூல் இல்லை. அமெரிக்க நூல்களின் விலை நம் மாணவர் எட்டாத உயரத்தில் இருந்தது. இராஜாராமன் தம் வகுப்புக் குறிப்புகளைத் திரட்டி, ‘கணிப்பொறி நிரலாக்கத்தின் கொள்கைகள்’ என்ற பொருள்படும் பெயரில் 1969-ஆம் ஆண்டில் ஆங்கில நூலாக வெளியிட்டார். மலிவான பதிப்பாக அமைந்த அந்நூலும், அவர் பின்னர் எழுதிய நூல்களும், கணிப்பொறியையே காணாத சிற்றூர்க் கல்லூரிகளுக்கும் சென்றன. புத்தகத்தில் மட்டுமே பொறியைக் கண்டு, தாளிலேயே நிரல் எழுதிப் பழகியவர் அக்காலத்தில் மிகப்பலர்.

பொறிகளும் வளர்ந்தன. 1966-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். 7044 என்ற பெரிய பொறி கான்பூருக்கு வந்தது. 1973-ஆம் ஆண்டில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஐ.பி.எம். 370 அமைந்தது, கான்பூரில் கற்பித்துவந்த மகாபலா அங்கே சென்று அத்துறையை வளர்த்தார். கான்பூரில் 1971-ஆம் ஆண்டில் கணிப்பொறியியலில் முதுநிலைப் பட்டமும் முனைவர் பட்டமும் தரும் தனித்திட்டம் ஏற்பட்டது. கவனியுங்கள்: முதுநிலை முதலில் வந்தது, இளநிலை பின்னரே வந்தது. கூரை வேய்ந்தபின் அடித்தளம் இட்டதுபோல் தோன்றலாம். ஆனால் அதில் ஒரு நியாயம் இருந்தது என்பது என் கருத்து. பதினெட்டு வயதுப் பிள்ளையை ஐந்தாண்டுகள் ஒரே துறையில் நிறுத்தினால், முடிவில் அவனுக்கு வேலை கொடுப்பார் யார்? நாட்டில் இருந்த கணிப்பொறிகளே மிகச் சில. மின்பொறியியலோ இயந்திரப் பொறியியலோ கற்றவன் மேலே இதனையும் கற்றால் இரு கால்களில் நிற்பான்.

1978-ஆம் ஆண்டில் அத்தயக்கம் நீங்கிற்று. கான்பூரில் கணிப்பொறியியலில் இளநிலைப் பட்டப் படிப்பு தொடங்கியது. அன்று அது ஐந்தாண்டுப் படிப்பாதலால், 1983-ஆம் ஆண்டில் முதற்கூட்டத்தார் பட்டம் பெற்றனர். அதே 1978-ஆம் ஆண்டில்தான் ஐ.பி.எம். நிறுவனம் இந்தியாவை விட்டு வெளியேறியது. அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படித் தன் பங்குகளைக் குறைத்துக்கொள்ள அந்நிறுவனம் இசையவில்லை. அதுவரை பொறி விற்றவரே பொறியைப் பேணினர். அதனை இயக்குவோருக்குப் பயிற்சியும் தந்தனர். இனிப் பலவகைப் பொறிகளை நாமே பேணவேண்டும், நாமே நிரல் எழுத வேண்டும் என்ற நிலை வந்தது. ஆட்கள் எங்கே?

பொறியியற் கல்லூரி இடங்களோ குறைவு. இந்நிலையில் இராஜாராமன் தலைமையில் அமைந்த குழு ஒரு வழி கூறியது. அறிவியலிலோ வணிகவியலிலோ பட்டம் பெற்று, கணக்கில் தேர்ச்சி உடையவர்க்கு மூன்றாண்டுப் பட்டமொன்று வகுக்கலாம் என்பது அதன் பரிந்துரை. எம்.சி.ஏ. என்று இன்று யாவரும் அறிந்த பட்டம் அதுவே. 1980-களின் தொடக்கத்தில் பல்கலைக்கழகங்கள் சில அதனை மேற்கொண்டன. கான்பூரின் இளநிலைப் பட்டத்தினும் இது பெரிய வாயில் என்பேன். நுழைவுத்தேர்வில் சில மதிப்பெண் குறைந்து பொறியியல் இடம் இழந்த பிள்ளை, கணிதத்தில் பி.எஸ்ஸி. படித்துவிட்டு வங்கித் தேர்வு எழுதக் காத்திருந்த பெண், மாலைக் கல்லூரியில் பி.காம். படித்த குமாஸ்தாவின் மகன் – இவர்களுக்கெல்லாம் அவ்வாயில் திறந்தது. கான்பூர் அறையின் கதவு இரண்டாம் முறை, இன்னும் அகலமாகத் திறந்தது எனலாம்.

பின்னர் நிகழ்ந்தவை விரைவாக நிகழ்ந்தன. 1981-ஆம் ஆண்டில் எழுந்த என்.ஐ.ஐ.டி. போன்ற தனியார் பயிற்சி நிலையங்கள் நகரந்தோறும் பரவின. 1984-ஆம் ஆண்டின் புதிய கொள்கை பொறிகளின் இறக்குமதியை எளிதாக்கிற்று. 1990-களில் பி.சி.ஏ. என்ற மூன்றாண்டு இளநிலைப் பட்டம் கலைக் கல்லூரிகளுக்கும் வந்தது. பொறியியற் கல்லூரிகளில் தகவல் தொழில்நுட்பம் தனிப் பிரிவாயிற்று. ஐதராபாத்தில் 1998-ஆம் ஆண்டில் அத்துறைக்கென்றே தனிக் கழகம் எழுந்தது. இப்பெருக்கில் நல்ல கல்லூரியும் வந்தது, ஆசிரியரும் ஆய்வுக்கூடமும் இல்லாத கல்லூரியும் வந்தது. பிள்ளையைச் சேர்க்குமுன் பெற்றோர் கட்டணப் பட்டியலைப் படிக்கும் கவனத்தில் பாதியையேனும் ஆசிரியர் பட்டியலைப் படிப்பதில் செலுத்தினால் நன்று.

இராஜாராமன் 1982-ஆம் ஆண்டில் கான்பூரிலிருந்து பெங்களூர் அறிவியற் கழகத்திற்குத் திரும்பினார். அங்கே மீக்கணிப்பொறி மையத்தை உருவாக்கி 1994-ஆம் ஆண்டுவரை நடத்தினார். 1976-ஆம் ஆண்டில் பட்நாகர் பரிசும் 1998-ஆம் ஆண்டில் பத்மபூஷண் விருதும் அவரை வந்தடைந்தன. அவர் பயின்ற பள்ளியை நடத்திய சங்கத்தின் வழிவந்த கல்விக் கழகம், இன்று டெல்லியில் ஏழு பள்ளிகளை நடத்தி வருகிறது. டெல்லியில் வாழும் தமிழர் பலர் காலையில் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடும் பள்ளிகள் அவையே.