எண்ணிப் பார்த்தவர்கள்: முன்சீப் நாற்காலியின் கதை

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகச் சவ்வாது மலைக்கு ஏறும் சாலையில் காவலூர் இருக்கிறது. அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தை நண்பர்கள் பலரும் அறிவர். 1968இல் சிறியதொரு தொலைநோக்கியுடன் தொடங்கிய அவ்விடத்தில், 1986 சனவரியில் 2.3 மீட்டர் தொலைநோக்கி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதே மலையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் மலையாளிப் பழங்குடியினர் அரசின் கண்ணுக்கு எப்போது புலப்பட்டனர்? (கேரளத்தாரோடு இவர்களைக் குழப்பிக்கொள்ள வேண்டா. தமிழ் பேசும் மலைவாழ் மக்கள் இவர்கள்.) இவ்வினாவுக்கு விடை தேடிப் போனால், அரசுப் பணியில் எல்லோர்க்கும் இடம் வேண்டும் என்ற நூறாண்டுக்கு மேற்பட்ட வழக்கினுள் நாம் நுழைய வேண்டியிருக்கிறது.

இவ்வரலாற்றைக் கட்சிகளின் வரலாறாகவும் தலைவர்களின் வரலாறாகவும் படிப்பதே நம் வழக்கம். அதில் தவறில்லை. ஆனால் ஒவ்வோர் ஆணைக்குப் பின்னும் கணக்கெடுத்து, அட்டவணை இட்டு, 'நிலைமை இதுதான்' என்று அரசிடம் சொன்ன அதிகாரி ஒருவர் இருந்திருக்கிறார். அவர் பக்கத்திலிருந்து இதனை ஒருமுறை பார்ப்போம்.

பழைய கேள்வி

வினைக்கு உரியாரைத் தேர்வது எப்படி என்பது நமக்குப் புதிய கேள்வியன்று. திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' என இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையைச் சொல்கின்றன. கால் வேலிக்கு மேற்பட்ட நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி, 35க்கு மேல் 70க்குள் வயது ஆகியன இரண்டாம் கல்வெட்டு கூறும் தகுதிகளுட் சில. கடந்த மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வரலாகாது. கணக்குக் காட்டாதவரின் உறவினரும் வரலாகார். ஒருவரே பதவியில் ஊன்றிவிடக் கூடாது என்ற எச்சரிக்கை இவ்விதிகளில் இருக்கிறது. எனினும் அச்சபை பிரமதேய ஊரின் சபை. நிலமும் வேதமும் இல்லாதவன் பெயர் குடத்துக்குள் விழவே வழியில்லை.

குடத்துக்குள் யார் பெயர் விழுகிறது என்ற கேள்வி அரசாணை வடிவில் எழச் சரியாக ஆயிரம் ஆண்டுகள் ஆயின. 921க்குப் பின் 1921.

கார்டியூவின் கணக்கு

அதற்கு முன்னோடியாகச் சில உண்டு. 1854இல் சென்னை வருவாய் வாரியம் தன் நிலையாணை ஒன்றின் வழி, மாவட்டத்தின் முதன்மைப் பதவிகள் சில குடும்பங்களின் கையில் குவியாமல் பல சாதியாரிடையேயும் பகிரப்பட வேண்டும் எனக் கலெக்டர்களுக்கு அறிவுறுத்தியது. இங்கிலாந்தில் நார்த்கோட் – டிரெவெல்யன் அறிக்கை, அரசுப் பணிக்குப் போட்டித் தேர்வே வழி என்று சொன்னதும் அதே 1854இல்தான். தேர்வு, பகிர்வு என்னும் இரு கொள்கைகளும் ஒரே ஆண்டில் எழுத்தில் ஏறின. அவற்றுக்கிடையிலான இழுபறி இன்றளவும் ஓயவில்லை.

வாரியத்தின் ஆணை பெரிதும் ஏட்டளவில் நின்றது. அடுத்த பெரிய திருப்பம் 1913இல் வந்தது. அரசுப் பணிகள் பற்றி விசாரித்த ராயல் கமிஷன் முன் ஐ.சி.எஸ். அதிகாரியான அலெக்சாண்டர் கார்டியூ சாட்சியம் அளித்தார். அவர் முன்வைத்த எண்களையே 1916 திசம்பரில் பிட்டி தியாகராயர் வெளியிட்ட பிராமணரல்லாதார் அறிக்கை எடுத்தாண்டது. சென்னை மாகாணத்தில் டெபுடி கலெக்டர்கள் 140 பேரில் 77 பேர் பிராமணர். பிராமணரல்லாத இந்துக்கள் 30 பேர். நிரந்தர மாவட்ட முன்சீப்புகள் 128 பேரில் 93 பேர் பிராமணர். பிராமணரல்லாத இந்துக்கள் 25 பேர். மாகாண மக்கள்தொகையில் பிராமணர் ஏறத்தாழ மூன்று விழுக்காட்டினர்.

இந்த முன்சீப் நாற்காலியை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். நூறாண்டுக் காலத்தில் அது மீண்டும் மீண்டும் நம் கண்முன் வரும்.

'பிறர்' என்னும் கட்டம்

அண்டை நாடுகளில் முன்னரே அசைவு தொடங்கியிருந்தது. கோல்ஹாப்பூரில் சாகு மகாராசர் 1902இல் பிற்பட்ட வகுப்பாருக்குப் பாதி இடங்களை ஒதுக்கினார். மைசூரில் 1918இல் தலைமை நீதிபதி லெஸ்லி மில்லர் தலைமையில் குழு அமைந்தது. திவான் விசுவேசுவரய்யா அதனோடு உடன்படாது பதவி விலகினார்.

சென்னையில் பனகல் அரசர் அமைச்சரவைக் காலத்தில், 1921 செப்டம்பர் 16ஆம் நாள், 613ஆம் எண் அரசாணை பிறந்தது. இதனை ஒதுக்கீட்டு ஆணை என்றே பலரும் எழுதுகின்றனர். படித்துப் பார்த்தால் இது பெரிதும் ஒரு கணக்கெடுப்பு ஆணை என்பது விளங்கும். துறைத் தலைவர்கள் தாம் நியமித்தவர் விவரத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அனுப்ப வேண்டும். அட்டவணையில் ஆறு கட்டங்கள்: பிராமணர், பிராமணரல்லாத இந்துக்கள், இந்தியக் கிறித்தவர், முகமதியர், ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும், பிறர்.

ஆலங்காயம் மலைக்காரனுக்கு அந்த ஆறில் எங்கே இடம்? நேர்பட அவனுக்கென்று ஒரு கட்டம் இல்லை. ஒடுக்கப்பட்டோருக்கும் தனிக் கட்டம் இல்லை. எண்ணத் தொடங்கிய நாளிலேயே எண்ணப்படாதவர் இருந்தனர் என்பது நோக்கத்தக்கது.

ஆணை வந்தும் நடைமுறை நகரவில்லை. சுப்பராயன் அமைச்சரவையில் முத்தையா முதலியார் 1927இல் கொண்டுவந்து 1928இல் செயற்படுத்திய ஆணையே முதல் உறுதியான பங்கீடு. 12 இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முகமதியருக்கு 2, ஆங்கிலோ இந்தியர் – கிறித்தவருக்கு 2, ஒடுக்கப்பட்டோருக்கு 1. 1929இல் தனிச்சட்டத்தின் மூலம் சென்னைப் பணித் தேர்வாணையம் உருவானது. இந்திய மாகாணங்களில் இதுவே முதலாவது. இனி ஆளெடுப்பது ஓர் அமைச்சரின் அல்லது ஓர் அதிகாரியின் தயவன்று என்றாயிற்று. அமெரிக்காவில் கென்னடி 'அஃபர்மேட்டிவ் ஆக்ஷன்' என்ற தொடரை அரசாணையில் எழுதியது 1961இல். சென்னை நாற்பது ஆண்டுகள் முந்திக்கொண்டது.

83 நாற்காலிகள்

ஓமந்தூரார் ஆட்சியில் 1947 நவம்பரில் பங்கீடு 14 இடங்களாகத் திருத்தப்பட்டது. பிராமணரல்லாத இந்துக்கள் 6, பிற்பட்ட இந்துக்கள் 2, அரிசனர் 2, பிராமணர் 2, ஆங்கிலோ இந்தியர் – இந்தியக் கிறித்தவர் 1, முசுலிம்கள் 1. பிற்பட்ட இந்துக்கள் எனத் தனிக் கட்டம் பிறந்தது இப்போதுதான்.

பின்னர் அரசியல் சட்டம் வந்தது. செண்பகம் துரைராசன் வழக்கு எல்லோரும் அறிந்தது. அது கல்லூரி இடம் பற்றியது. 1951 ஏப்ரல் 9ஆம் நாள், உச்சநீதிமன்றம் அதே நாளில் இன்னொரு தீர்ப்பும் வழங்கியது. அது வேலை பற்றியது. வெங்கடரமணா என்பவர் மாவட்ட முன்சீப் பதவிக்கு விண்ணப்பித்திருந்தார். இடங்கள் மொத்தம் 83. அரிசனர் 19, முசுலிம்கள் 5, கிறித்தவர் 6, பிற்பட்ட இந்துக்கள் 10, பிராமணரல்லாத இந்துக்கள் 32, பிராமணர் 11 எனப் பிரிக்கப்பட்டிருந்தன. அரிசனருக்கும் பிற்பட்ட இந்துக்களுக்கும் ஒதுக்கியது செல்லும், ஏனைய பகுப்புச் செல்லாது என்றது நீதிமன்றம். அரசியல் சட்டத்தின் 16(4)ஆம் உறுப்பு 'பிற்பட்ட வகுப்பு' என்ற ஒன்றையே ஏற்றது.

இந்தத் தீர்ப்புக்குப் பின் கேள்வியின் வடிவமே மாறிப்போனது. அதுவரை 'யார் எந்தச் சாதி' என்று எண்ணினால் போதும். இனி 'யார் பிற்பட்டவர்' என்று மெய்ப்பிக்க வேண்டும். அதற்குச் சான்று வேண்டும். சான்று தேட ஆள் வேண்டும். 1954இல் பிற்பட்டோருக்கு 25, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் சேர்த்து 16 விழுக்காடு என்றிருந்த அளவு, அடுத்த பதினாறு ஆண்டுகள் பெரிய ஆய்வு ஏதுமின்றியே தொடர்ந்தது.

இரண்டு அதிகாரிகள்

1969 நவம்பரில் கலைஞர் அரசு முதல் பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்தை அமைத்தது. தலைவர் ஏ.என். சட்டநாதன். 1905இல் செங்கோட்டையில் எளிய குடும்பத்தில் பிறந்து, சுங்கத் துறையில் உயர்பதவி வரை சென்றவர். அவர் முற்றுப்பெறாமல் விட்டுச்சென்ற தன்வரலாறு, 'ஒரு சூத்திரனின் கதை' என்னும் பொருள்படும் துணைத்தலைப்போடு 2007இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஒதுக்கப்படுவது இன்னதென்பதைத் தம் வாழ்க்கையிலேயே அறிந்தவர் அவர்.

ஆயினும் 1970இல் அவர் தந்த அறிக்கை எவர்க்கும் இனிப்பாக இல்லை. பிற்பட்டோருக்குப் பங்கைக் கூட்டச் சொன்ன அதே கையால், பிற்பட்டோருக்குள்ளேயே சில சாதிகள் முந்திவிட்டன என்றும் எழுதினார். பிற்பட்டோர் தொகையில் ஒன்பதில் ஒரு பங்கு அளவேயான ஒன்பது சாதிகள், பிற்பட்டோருக்குக் கிடைத்த கெஜட்டட் பதவிகளில் ஏறத்தாழப் பாதியைப் பெற்றிருந்தன. மிகவும் பிற்பட்டோரைத் தனியே பிரிக்க வேண்டும், வசதி பெற்றோருக்கு வருமான வரம்பு வேண்டும் என்பன அவர் பரிந்துரைகள். 1971இல் அரசு பங்கை 31 விழுக்காடாகவும், பட்டியல் சாதி – பழங்குடியினர் பங்கை 18 விழுக்காடாகவும் கூட்டியது. பிரிவினையையும் வரம்பையும் விட்டுவிட்டது.

1979 சூலையில் எம்.ஜி.ஆர். அரசு ஆண்டுக்கு 9,000 ரூபாய் வரம்பை விதித்தது. 1980 சனவரி மக்களவைத் தேர்தலில் ஆளுங்கட்சிக்கு இரண்டே இடங்கள் கிட்டின. வரம்பு நீங்கியது; பிற்பட்டோர் பங்கு 50 ஆயிற்று. அது உச்சநீதிமன்றம் சென்றது. அதன் விளைவாக 1982 திசம்பரில் இரண்டாம் ஆணையம் அமைந்தது. தலைவர் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி ஜே.ஏ. அம்பாசங்கர்.

அம்பாசங்கர் ஆணையம் மாதிரிக் கணக்கெடுப்போடு நிற்கவில்லை. தமிழகம் முழுதும் வீடுவீடாகச் சென்று எண்ணியது. மக்கள்தொகையில் பிற்பட்டோர் 67.15 விழுக்காடு என்பது தெரியவந்தது. இவ்வளவு பெரிய எண்ணைக் கண்டறிந்தவரே, மொத்த ஒதுக்கீடு ஐம்பதைத் தாண்டலாகாது என்ற சட்ட வரம்பை எண்ணி, பிற்பட்டோருக்கு 32 விழுக்காடு போதும் எனப் பரிந்துரைத்தார். 21 பேர் கொண்ட ஆணையத்தில் 14 பேர் அவரோடு மாறுபட்டனர். அரசு பெரும்பான்மையைப் பின்பற்றி 50ஐயே நிலைநிறுத்தியது.

யார் சொன்னது சரி என்று தீர்ப்புக் கூறுவது எம் நோக்கமன்று. 1994இல் 69 விழுக்காட்டுச் சட்டம் 76ஆம் திருத்தத்தின் மூலம் ஒன்பதாம் அட்டவணையில் ஏறியதையும், அதனால் பயன் பெற்ற இலட்சக்கணக்கான குடும்பங்களையும் நாம் அறிவோம். எம் வகுப்புகளில் அமரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளே அதற்குச் சான்று. நாம் சுட்ட விரும்புவது வேறொன்று. தம்மை அமர்த்திய அரசுக்கு உவப்பில்லாத எண்ணையும் எழுதிவைத்தனர் இவ்விருவரும். சட்டநாதன் கேட்ட 'மிகவும் பிற்பட்டோர்' பிரிவு, 1987இல் வன்னியர் போராட்டத்தில் 21 உயிர்கள் பலியான பிறகு, 1989இல்தான் 20 விழுக்காடாக வந்தது. ஏட்டில் இருந்த பரிந்துரையை இடைப்பட்ட பத்தொன்பது ஆண்டுகளில் எடுத்திருந்தால் அத்துயர் நேராதிருக்குமோ என்று எண்ணாதிருக்க முடியவில்லை.

மலைக்கு வந்த ஒரு விழுக்காடு

இனி ஆலங்காயத்துக்குத் திரும்புவோம். 18 விழுக்காடு பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பொதுவாக இருந்தவரை, பள்ளியே எட்டாத மலைமக்கள் அதில் போட்டியிட இயலவில்லை. பழங்குடியினருக்கெனத் தனியே ஒரு விழுக்காடு ஒதுக்கப்பட்டது 1990இல். முதல் அரசாணையிலிருந்து எண்ணினால் 69 ஆண்டுகள்.

2011 கணக்கெடுப்பின்படி தமிழகப் பழங்குடியினர் 7,94,697 பேர், மக்கள்தொகையில் 1.1 விழுக்காடு. அவர்களுள் மலையாளிகளே பெருந்தொகையினர். ஏறத்தாழ மூன்றரை இலட்சம். அந்த ஒரு விழுக்காட்டை அடையவும் சான்றிதழ் வேண்டும். ஏனையோருக்குத் தாசில்தார் தருவதைப் பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர்தாம் தருவார்.

எல்லைக்கோடு செய்யும் விந்தையையும் சொல்ல வேண்டும். 1976ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, சேலம், தருமபுரி, திருச்சி, புதுக்கோட்டை மாவட்டங்களின் மலையாளிகளைப் பழங்குடியாகப் பட்டியலிட்டது. பழைய வட ஆர்க்காட்டில் இருந்ததால் ஆலங்காயம் மலைக்காரர் பழங்குடி. அன்று கோவை மாவட்டத்தில் இருந்த பர்கூர் மலையின் மலையாளிகள் அதே பெயரினராயினும் பட்டியலில் இல்லை. எவரோ ஓர் எழுத்தர் எழுதாமல் விட்ட ஒரு மாவட்டத்தின் பெயருக்காக அவர்கள் பல்லாண்டுகள் மனுக்கொடுத்து வந்திருக்கின்றனர்.

2024 பிப்ரவரியில் சவ்வாது மலையைச் சேர்ந்த மலையாளி இனத்து இளம்பெண் ஒருவர், தேர்வாணையம் நடத்திய உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்றார். முதலமைச்சர் பாராட்டினார்; நாளேடுகள் எழுதின. உரிமையியல் நீதிபதி என்பது முன்னாளில் முன்சீப் அமர்ந்த அதே நாற்காலிதான். 1913இல் கார்டியூ எண்ணிய 128இலும், 1951இல் வழக்குக்கு வந்த 83இலும் மலைமக்களுக்கென்று ஒரு கட்டம் இல்லை. 1929இன் தேர்வாணையம், 1989இல் பெண்களுக்கு வந்த 30 விழுக்காடு, 1990இன் ஒரு விழுக்காடு, தமிழ்வழிக் கல்வி பயின்றோருக்கான 2010ஆம் ஆண்டுச் சட்டம் எனத் திறந்த வாயில்கள் பல. அவற்றின் வழியே நடந்துவந்த உழைப்பு அப்பெண்ணுடையது.

மீண்டும் எண்ண வேண்டும்

2021இல் வன்னியருக்கு 10.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு தந்த சட்டத்தை 2022 மார்ச் 31இல் உச்சநீதிமன்றம் செல்லாது என்றது. உட்பிரிவு செய்ய மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்பது காரணமன்று; சட்டத்துக்கு அடிப்படையாக எடுத்துக்கொண்டவை அம்பாசங்கர் காலத்துப் பழைய எண்கள் என்பதே காரணம். 2024 ஆகத்து 1இல் ஏழு நீதிபதிகள் அமர்வு பட்டியல் சாதியினருள் உள்ஒதுக்கீடு செல்லும் என்றபோதும், தரவு வேண்டும் என்பதை வற்புறுத்தியது.

நாற்பதாண்டுகளுக்கு முன் வீடுவீடாக எண்ணிய ஓர் அதிகாரியின் ஏட்டை வைத்துக்கொண்டு இன்றைய பேரனுக்கு நீதி கேட்டோம் என்பதே இதன் பொருள். தமிழில் 'எண்ணுதல்' என்னும் சொல் கணக்கிடுதலையும் குறிக்கும். கருதிப் பார்த்தலையும் குறிக்கும். எண்ணப்படாதவன் கருதப்படுவதுமில்லை. சட்டமன்றம் ஒரே நாளில் விழுக்காட்டை எழுதிவிடலாம். அவ்விழுக்காடு நிற்பதும் வீழ்வதும், மலையேறிச் சென்று கதவைத் தட்டி, உவப்பான எண்ணாயினும் அல்லாத எண்ணாயினும் உள்ளவாறே எழுதிவரும் ஊழியரின் கையில் இருக்கிறது. அத்தகையோரை அடுத்த ஆணையத்துக்கும் அரசு தேடிக் கண்டடைய வேண்டும். கண்டடைந்தபின் அவர்கள் எழுதுவதைப் படிக்கவும் வேண்டும்.