விருதுநகர் – சிவகாசி வட்டாரத்தில் கடன் விற்பனையும் நிலுவை வசூலும்

சரக்கை இன்று அனுப்பிவிட்டுப் பணத்தைப் பின்னொரு நாளில் பெறுவது கடன் விற்பனை எனப்படும். பேசிய நாளில் வராமல் நிற்கும் பணம் நிலுவை. பேச்சு வழக்கில் பாக்கி. விருதுநகரின் மண்டிகள், சாத்தூர் வட்டாரத் தீப்பெட்டி ஆலைகள், சிவகாசியின் பட்டாசு ஆலைகள், அச்சகங்கள் ஆகியவை பல தலைமுறைகளாகக் கடன் விற்பனையை நம்பியே நடந்துவருகின்றன. பாக்கியை வசூலிக்க இவ்வட்டார வணிகர்கள் வெவ்வேறு காலங்களில் கைக்கொண்ட ஏற்பாடுகளையும், 1992க்குப் பின் வந்த சட்டங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது. ஏற்பாடுகள் மாறினாலும் அவற்றின் அடியில் இருந்த கேள்வி மாறவில்லை. பணம் வரும்வரை காத்திருக்கும் செலவை யார் தாங்குவது என்பதே அது.

பேட்டையும் மகமையும்

விருதுநகரின் பழைய பெயர் விருதுபட்டி. 1923இல் இப்போதைய பெயர் வந்தது. மழை குறைந்த கரிசல் பூமியான இப்பகுதிக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெற்கேயிருந்து நாடார் வணிகர்கள் வந்து குடியேறினர். விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம் முதலிய ஊர்கள் அவர்களுடைய வணிக மையங்களாக வளர்ந்தன. வண்டிகளையும் மாடுகளையும் சரக்கையும் பாதுகாப்பாக நிறுத்திவைக்க மதில் சூழ்ந்த இடங்களை அமைத்தனர். அவை பேட்டைகள் எனப்பட்டன.

பேட்டையில் கைமாறிய சரக்கின் மீது ஒரு சிறு தொகை பொது நிதிக்காகப் பிடிக்கப்பட்டது. இதுவே மகமை. இந்த நிதியை உறவின்முறை என்ற ஊர்ச்சபை நிர்வகித்தது. கோயில், கிணறு, சத்திரம், பள்ளிக்கூடம் ஆகியவற்றுக்கு மகமைப் பணம் செலவானது. 1889இல் விருதுபட்டியில் தொடங்கப்பட்ட சத்திரிய வித்தியாசாலை இவ்வாறு சமூகத்தின் பொதுப்பணத்தில் எழுந்த பள்ளி.

மகமையை ஒரு வரியாக மட்டும் பார்த்தால் அதன் வணிகப் பயன் விளங்காது. ஒருவர் எவ்வளவு சரக்கு விற்கிறார் என்பது மகமைக் கணக்கின் வழியே ஊருக்குத் தெரியும். உறவின்முறை, உறுப்பினர்களுக்கு இடையிலான வழக்குகளையும் விசாரித்தது. அதன் தீர்ப்பை மீறியவருக்கு அபராதமும் ஊர்விலக்கும் உண்டு. வாங்குபவர், விற்பவர், தரகர் மூவரும் ஒரே சபைக்குக் கட்டுப்பட்டவர்களாக இருந்தால், பாக்கியை இழுத்தடிப்பவர் சரக்கோடு சேர்த்து ஊரில் தனக்குள்ள மதிப்பையும் பணயம் வைக்கிறார். தமிழில் நாணயம் என்ற சொல் காசையும் குறிக்கிறது, சொன்ன சொல் தவறாமையையும் குறிக்கிறது. இந்த ஏற்பாட்டில் இரண்டு பொருளும் ஒன்றாகவே இயங்கின.

ஆனால் இதற்கு ஓர் எல்லை இருந்தது. சபைக்குக் கட்டுப்படாத வெளியூர்க்காரர் பாக்கி வைத்தால், உறவின்முறையால் செய்யக்கூடியது அதிகமில்லை.

உண்டியல், ரசீது, வங்கி

ரயில் வந்தபின் மிளகாய், பருத்தி, பருப்பு, எண்ணெய் வணிகம் தொலைதூரத்துக்கு விரிந்தது. முகம் தெரியாத வாங்குபவரிடம் வணிகம் செய்ய இரண்டு கருவிகள் உதவின.

முதலாவது உண்டியல். இது குறிப்பிட்ட தொகையைத் தருமாறு எழுதப்பட்ட சீட்டு. கண்டவுடன் பணம் தரவேண்டியது தரிசன உண்டியல். குறித்த நாள் கழித்துத் தரவேண்டியது தவணை உண்டியல். தவணை உண்டியலைக் கையில் வைத்திருந்த வணிகர், தவணை முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அதை ஒரு வட்டிக்கடையில் கொடுத்து, வட்டி கழித்த மிச்சத்தை உடனே பெற்றுக்கொள்ளலாம். சிந்துப் பகுதியின் சிகார்ப்பூரைப் பூர்விகமாகக் கொண்ட முல்தானிகள் சென்னை மாகாணத்தில் இத்தொழிலைப் பெரிய அளவில் செய்தனர். காத்திருக்கும் செலவு இங்கே வட்டி என்ற பெயரில் வெளிப்படையாகக் கணக்கில் வந்தது.

இரண்டாவது, சரக்கு ரசீதை வங்கி வழியாக அனுப்பும் முறை. விற்பவர் சரக்கை ரயிலில் ஏற்றி, ரயில்வே ரசீதைத் தம் வங்கியில் கொடுப்பார். அந்த வங்கி அதை வாங்குபவரின் ஊரிலுள்ள வங்கிக்கு அனுப்பும். வாங்குபவர் பணம் கட்டிய பிறகே ரசீது அவர் கைக்கு வரும். ரசீது இருந்தால்தான் சரக்கை எடுக்கமுடியும். பிற்காலத்தில் லாரி ரசீதும் இவ்வாறே பயன்பட்டது.

இவற்றுக்கெல்லாம் வங்கி தேவைப்பட்டது. நாடார் மகாஜன சங்கத்தினரின் முயற்சியில் 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கப்பட்டது. 1962இல் அதன் பெயர் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று மாறியது.

தீப்பெட்டி: வரி முன்னே, வரவு பின்னே

1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். அதன்பின் தீப்பெட்டி, பட்டாசு, அவற்றுக்கான லேபிள் அச்சு என ஒன்றையொன்று தாங்கும் மூன்று தொழில்கள் இங்கே வளர்ந்தன.

1934இல் தீப்பெட்டி மீது கலால் வரி விதிக்கப்பட்டது. இவ்வரி, சரக்கு விற்றுக் காசாகும்போது எழுவதில்லை. ஆலையை விட்டு வெளியேறும்போதே எழுந்துவிடும். வாங்குபவரோ இரண்டு, மூன்று மாதம் கழித்துத்தான் பணம் தருவார். ஆகவே தம் கைக்கு வராத பணத்துக்கும் உற்பத்தியாளர் வரிப்பொறுப்பு ஏற்கவேண்டியிருந்தது. 2017 ஜூலை 1இல் சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்தபோதும் பெரும்பாலான விற்பனையாளர்களுக்கு இந்நிலை தொடர்ந்தது. பில் போட்ட மாதத்தின் கணக்கில் வரி சேர்ந்துவிடும்; பில்லுக்குப் பணம் வந்ததா என்று சட்டம் பார்ப்பதில்லை. ஒரே ஓர் ஆறுதல் உண்டு. 180 நாளுக்குள் பணம் தராத வாங்குபவர், அந்தப் பில்லில் தாம் எடுத்த உள்ளீட்டு வரி வரவைத் திருப்பிச் செலுத்தவேண்டும்.

பட்டாசின் ஓராண்டுச் சுற்று

பட்டாசு ஆண்டு முழுவதும் செய்யப்பட்டு, பெரும்பகுதி சில வாரங்களில் விற்கப்படும் சரக்கு. தீபாவளி முடிந்து சில வாரங்களில் ஆலைகள் மீண்டும் வேலையைத் தொடங்கும். வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள், காகிதம் ஆகியவற்றை வாங்கவேண்டும். தொழிலாளர்களுக்கு வாரந்தோறும் கூலி தரவேண்டும். வட மாநில மொத்த வணிகர்களுக்குச் சரக்கு மாதக்கணக்கில் முன்னதாகவே லாரியில் போய்விடும். சிலர் முன்பணம் தருவர். மிச்சம் பெரும்பாலும் தீபாவளி விற்பனை முடிந்த பிறகே வரும்.

ஆலைக்குப் பணம் தாமதமானால் அது ஆலையோடு நிற்பதில்லை. காகிதக் குழாய் சுற்றித் தருபவர், அட்டைப்பெட்டி செய்பவர், லேபிள் அச்சிடும் சிறு அச்சகத்தார், அந்த லேபிளை வடிவமைத்துத் தந்த தனிநபர் ஆகியோரின் பில்களும் வரிசையாக நிற்கும். பெரிய ஆலைக்கு வங்கிக்கடன் வரம்பு இருக்கும். வீட்டில் ஒரு கணினியை வைத்துக்கொண்டு வடிவமைப்புச் செய்பவருக்கு அது இருக்காது. அவர் கந்துவட்டிக்கு வாங்குவார் அல்லது நகையை அடகு வைப்பார். இவ்வாறு காத்திருக்கும் செலவு, தாங்கும் வலு குறைந்தவரிடமே கடைசியில் போய்ச் சேர்கிறது.

நாட்காட்டி அச்சுத் தொழிலில் இதற்கு ஒரு மாற்று வழி உருவாகியிருக்கிறது. சிவகாசியில் அடுத்த ஆண்டு நாட்காட்டிக்கான மாதிரி ஆல்பங்கள் ஆடிப்பெருக்கு நாளில் வெளியாகும். வாடிக்கையாளர் பெயர் அச்சிட்ட நாட்காட்டியை வேறு எவருக்கும் விற்கமுடியாது. ஆகவே அச்சிடுவதற்கு முன்பே முன்பணம் கேட்பதற்கு இங்கே நியாயம் வலுவாக உள்ளது.

2016 முதல் 2020 வரை

ஒரே பருவத்தை நம்பிய கடன் சங்கிலி எவ்வளவு எளிதில் அறுபடும் என்பதை இந்த ஐந்து ஆண்டுகள் காட்டின. 2016இல் தமிழகத்தில் தீபாவளி அக்டோபர் 29. வசூல் தொடங்கும் வேளையில், நவம்பர் 8 இரவு பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. 2017இல் தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு, அக்டோபர் 9 அன்று, டில்லி வட்டாரத்தில் பட்டாசு விற்பனைக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2018 அக்டோபர் 23 தீர்ப்பு, பேரியம் உப்புகளைத் தடுத்து, மாசு குறைந்த பசுமைப் பட்டாசுகளை மட்டும் அனுமதித்தது. அவ்வாண்டு நவம்பரில் சிவகாசி ஆலைகள் மூடப்பட்டு, மாதக்கணக்கில் வேலையின்றிக் கிடந்தன. 2020இல் கொரோனாப் பெருந்தொற்றைக் காரணம் காட்டி இராஜஸ்தான், டில்லி முதலிய அரசுகள் பண்டிகைக்குச் சில நாட்கள் முன்னர் தடை அறிவித்தன.

காற்று மாசு பற்றிய கவலை நியாயமானது. வணிக நோக்கில் கவனிக்கவேண்டியது வேறு. சரக்கு ஏற்கெனவே வாங்குபவரின் கிடங்கில் இருந்தது. பணமோ இன்னும் வரவில்லை. விற்காத சரக்குக்குப் பணம் எப்படித் தருவேன் என்று வாங்குபவர் கேட்டால், பேச்சளவில் நடந்த ஒப்பந்தத்தில் அதற்கு விடை இருக்காது.

சட்டத்தின் வருகை

சிறுதொழில்களின் நிலுவைக்கென்று 1992இல் மத்திய அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. 1993இல் அது முழுச் சட்டமானது. அதற்குப் பதிலாக வந்ததே குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006. இது 2006 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் முக்கிய விதிகள்:

1. எழுத்தில் தவணை பேசியிருந்தாலும், சரக்கையோ சேவையையோ ஏற்ற நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக்கூடாது. தவணை பேசாவிட்டால் 15 நாள்.
2. தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மும்மடங்கு வட்டி; அதுவும் மாதந்தோறும் கூட்டுவட்டி.
3. புகாரை விசாரிக்க மாநில அளவில் வசதியாக்க மன்றங்கள் உண்டு. 90 நாளில் முடிவு காணவேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் கூடுதல் காலம் ஆவதுண்டு.
4. மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து வாங்குபவர் நீதிமன்றம் செல்ல, தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டவேண்டும்.

மாணவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வங்கி விகிதம் 6 சதவீதம் என்று கொள்வோம். மும்மடங்கு 18, மாதத்துக்கு 1.5 சதவீதம். ஒரு லட்ச ரூபாய் பில் தவணைக்குப் பின் ஓராண்டு நின்றால், கூட்டுவட்டி ஏறத்தாழ 19,562 ரூபாய்.

இப்பாதுகாப்பு குறு, சிறு நிறுவனங்களுக்கு மட்டுமே. உற்பத்தி செய்பவரும், வடிவமைப்பு போன்ற சேவை தருபவரும் இதில் அடங்குவர். வாங்கி விற்கும் வணிகர்கள் 2021 முதல் உத்யம் பதிவு பெறமுடிந்தாலும், அது வங்கிக்கடன் முன்னுரிமைக்கு மட்டுமே. புகார்களை இணையத்தில் பதிய 2017இல் சமாதான் தளம் தொடங்கப்பட்டது. 2024 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டமும் சேர்ந்துகொண்டது. குறு, சிறு நிறுவனத்துக்கு மேற்கண்ட நாட்களுக்குள் பணம் தராதவர், உண்மையில் பணம் தரும் ஆண்டில்தான் அதைச் செலவாகக் காட்டமுடியும்.

சட்டம் இருந்தும் தயக்கம் ஏன்?

புகார் கொடுத்தால் பணம் வரலாம். அடுத்த தீபாவளிக்கு ஆர்டர் வராது. இந்தப் பயம்தான் பெரும்பாலோரைத் தடுக்கிறது. உறவின்முறையில் புகார் செய்தவரும் புகாருக்கு உள்ளானவரும் தீர்ப்புக்குப் பின்னும் ஒரே பேட்டையில் வணிகம் செய்தாகவேண்டும்; வேறு இடம் இல்லை. இன்றைய வாங்குபவருக்கு வேறு ஆலையும் வேறு அச்சகமும் உண்டு. சட்டம் வட்டியைத் தருகிறது. வாடிக்கையைத் திருப்பித் தருவதில்லை. ஆகவே சட்டத்தைக் கடைசி ஆயுதமாக வைத்துக்கொண்டு, அது தேவைப்படாதபடி முன்கூட்டியே எழுத்தில் பேசிக்கொள்வதே பயன் தரும்.

இவ்வரலாற்றிலிருந்து சிறு தொழில் செய்வோர் எடுத்துக்கொள்ளக்கூடியவை சில உண்டு. உத்யம் பதிவு கட்டணமின்றிக் கிடைக்கிறது. வேலை ஏற்பதற்கு முன்பே அதைச் செய்துவைத்து, பில்லில் அந்த எண்ணையும் பணம் தரவேண்டிய தேதியையும் அச்சிடலாம். பிறருக்கு விற்கமுடியாத வேலைக்கு நாட்காட்டி அச்சகங்களைப் போல முன்பணம் கேட்கலாம். 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, விற்ற சரக்கின் விலைக்கு வழக்குப் போட மூன்று ஆண்டுகளே உண்டு. அதற்குள் கடன்பட்டவர் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்திட்டால், அந்நாளிலிருந்து மூன்று ஆண்டு புதிதாகத் தொடங்கும். ஆண்டுதோறும் பேரேட்டு நிலுவைக்கு எதிர்த்தரப்பின் கையெழுத்து வாங்கும் பழைய வழக்கத்துக்கு இதனால் இன்றும் சட்ட மதிப்பு இருக்கிறது.

கடன் அன்பை முறிக்கும் என்ற பலகை தொங்காத மளிகைக் கடை இவ்வட்டாரத்தில் குறைவு. ஆனால் அப்பலகையை மாட்டிய கடைக்காரரும் மண்டியில் கடனுக்குத்தான் சரக்கெடுக்கிறார். கடன் இல்லாமல் இங்கே வணிகம் இல்லை. எந்த நாளில் திரும்பும், தவறினால் யார் பொறுப்பு என்பதை முன்னரே எழுதிக்கொண்ட கடனில்தான் சிறியவர்களும் பிழைத்திருக்கிறார்கள்.