இறைவணக்கம்

நூல், கச்சேரி, கூத்து, கூட்டம் எதையும் தொடங்குமுன் தெய்வத்தையோ மொழியையோ முன்னிறுத்திப் பாடும் வழக்கம். ஏடுகளில் கடவுள் வாழ்த்து, காப்பு. விழா அழைப்பிதழ்களில் இறைவணக்கம், தமிழ்த்தாய் வாழ்த்து.

தொல்காப்பியப் புறத்திணையியல் கடவுள் வாழ்த்தைப் பேசுகிறது. திருக்குறளின் முதல் அதிகாரமே அதுதான். நற்றிணை, குறுந்தொகை, ஐங்குறுநூறு, அகநானூறு, புறநானூறு ஆகியவற்றின் முகப்புப் பாடல்கள், பாரதம் பாடிய பெருந்தேவனார் பின்னாளில் பாடிச் சேர்த்தவை. சிலப்பதிகாரமோ திங்களையும் ஞாயிற்றையும் மழையையும் புகார் நகரையும் போற்றித் தொடங்குகிறது. தெய்வம் மட்டுமே இடம்பெற வேண்டும் என்ற கட்டாயம் அப்போதே இல்லை.

மொழி தெய்வமாகி மேடையேறியது பிற்காலத்தில். பெ. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் (1891) நாடகத்தின் தமிழ்த்தெய்வ வணக்கத்தை 1970இல் தமிழக அரசு தன் விழாக்களுக்கு எடுத்துக்கொண்டது. பிற மொழிகளோடு ஒப்பிடும் வரிகள் விடப்பட்டன, எம்.எஸ். விசுவநாதன் இசையமைத்தார். 2021 டிசம்பரில் 55 வினாடியில் பாடும் மாநிலப் பாடலானது.

தமிழகத்துக்கு வெளியிலும் இவ்வழக்கம் உண்டு. மும்பையில் எந்தத் தமிழ் மன்றத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதை முதல் பாட்டே சொல்லிவிடும். மாட்டுங்காவில் சம்பிரதாய பஜனை என்றால் தோடய மங்களம், பிறகு குரு தியானம். கர்நாடகக் கச்சேரியில் வர்ணத்தை அடுத்துப் பெரும்பாலும் பிள்ளையார்தான். தீட்சிதரின் ‘வாதாபி கணபதிம்’ கேட்டுச் சலித்தவர்களும் அதற்குத் தாளம் போடாமல் இருப்பதில்லை. தாராவியில் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள் ஏராளம். அவர்கள் ஊர்க் கொடைகளில் கேட்ட வில்லுப்பாட்டு காப்பு விருத்தத்தில் தொடங்கி, குருவடி பாடி, அவையடக்கம் சொன்ன பிறகே கதைக்குள் நுழையும். அதே தாராவியில் திராவிடர் கழகத்தாரும் உண்டு. கழகக் கூட்டங்கள், பெரியார் 1967இல் வகுத்த கடவுள் மறுப்பு வாசகத்தைச் சொல்லித் தொடங்குபவை. வணக்கத்தை நீக்கியவர்களும் அதன் இடத்தைக் காலியாக விடவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

மராத்தியருக்கும் இது புதிதல்ல. அவர்களின் நாட்டார் கூத்தான தமாஷாவில் கணபதியைப் பாடும் ‘கண்’ முதலில், கிருஷ்ணனும் கோபியரும் வரும் ‘கவளண்’ அடுத்து. கிர்லோஸ்கரின் இசை நாடகமான ‘சங்கீத சாகுந்தலம்’ (1880) நாந்தி என்னும் வாழ்த்துப் பாட்டோடு தொடங்கியது. 2023இல் ‘ஜய ஜய மகாராஷ்டிர மாஜா’ மகாராஷ்டிரத்தின் மாநிலப் பாடலாகி, பள்ளிகளின் காலை வழிபாட்டிலும் சேர்ந்தது. மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளுக்கும் அது பொருந்தும்.